பேச மறுத்த வாடிக்கையாளர்

புகார் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதல் வாரத்திலேயே உங்கள் திரையில் ஒரு சிவப்புச் சொல்லைக் காட்டியிருப்பார்கள். ‘ஹெவி யூசர்’. அளவுக்கு மீறி இணையத்தைப் பயன்படுத்துகிறவர் என்று அர்த்தம். வாடிக்கையாளரின் பெயருக்குப் பக்கத்தில் அது முளைத்திருந்தால், எதிரே நிற்பவர் வாய் திறப்பதற்கு முன்பே அவரைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். பொழுதுக்கும் படம் பார்க்கிறவர், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து இழுத்து விடுகிறவர், பேராசை பிடித்தவர்.

அந்தச் சொல்லின் மேல் எனக்குள்ள கோபம் ஓய்வு பெற்ற பிறகும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

நான் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவள். இணையம் எப்படி ஓடுகிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஒரு இணையக் கம்பெனியின் பிரிக்பீல்ட்ஸ் கிளையில் கவுண்டருக்கு வந்த ஜனங்கள் சொன்ன சொற்களிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். கிள்ளான் பக்கத்து ஆன்டி ஒருவர் வேகம் குறைந்தால் “லைன் நொண்டுது” என்பார். பத்துமலையிலிருந்து வரும் அண்ணன் ஒருவர், “மோடம் உயிரோடதான் இருக்கு, மூச்சுதான் விடல” என்பார். இப்படிப்பட்ட வாய்களுக்கு முன்னால் கம்பெனியின் கையேடு வெறும் காகிதம்.

செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி விற்கும் அங்கிள் ஒருவர் ஒரு நாள் கவுண்டரைத் தட்டிக் கேட்டார்: “எல நெறைய சோறுன்னு போர்டு போட்டுட்டு, ரெண்டாவது கரண்டிக்கு எலய நீட்டுனா மொறைக்கிறீங்களே, என்ன கடை லா இது?”

நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்பதை அதைவிடத் தெளிவாக விளக்க என்னால் முடியாது. விளம்பரத்தில் ‘அன்லிமிட்டட்’. ஒரு அளவைத் தாண்டியதும் வேகத்தைப் பிடித்து இறுக்கிவிடுவார்கள். துண்டிக்கவில்லை, ஆகவே வாக்குத் தவறவில்லை என்பது அவர்கள் வாதம். குழாயை நாங்கள் மூடவில்லையே, சொட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

அந்தக் கொள்கையின் பெயரால் ஒரு மனிதருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் ‘எங்கள் கம்பெனி அப்படியில்லை’ என்று நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி பெயர் ரெஜினா. கணவர் அந்தோணி. சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பைக்குள் மோடத்தை வைத்து, அதைத் துண்டால் மூடிக்கொண்டு வந்திருந்தார் அந்தோணி. நான் கணக்கைத் திறந்தேன். சிவப்புச் சொல் நின்றது. அதற்குக் கீழே, தொலைபேசிப் பிரிவில் யாரோ எழுதிய குறிப்பு: கணக்குக்காரர் பேச மறுக்கிறார். ஒத்துழைப்பு இல்லை. புகார் ஏற்கப்படவில்லை.

“போன்ல என்னம்மா நடந்துச்சு?” என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

“கணக்கு அவரு பேர்ல இருக்கு அக்கா. அவரயே பேசச் சொன்னாங்க. அவரு பேசமாட்டாருன்னு சொன்னேன். கோவமா இருக்காரான்னு கேட்டாங்க. இல்லப்பா, அவரு யாருகிட்டயும் பேசமாட்டாருன்னேன். ‘ஆன்டி, நீங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆனதும் கால் பண்ணுங்க’ன்னு சொல்லி வச்சிட்டாங்க.”

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பார்வை தன் மேல் விழுந்ததும் காதைத் தொட்டு, கையை விரித்து, சிரித்தார்.

காது கேளாதவர். வாய் பேச வராதவர். மனைவியோ ‘பேசமாட்டாரு’ என்று சொல்லியிருக்கிறார். நம் தமிழில் அந்த ஒரே சொல் வீம்புக்கும் பொருந்தும், இயல்புக்கும் பொருந்தும். போனின் மறுமுனையில் இருந்தவன் வீம்பென்று எடுத்துக்கொண்டான்.

“வாய் பேச வராதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா?”

“எங்க வீட்டுல அப்படிச் சொல்றதில்ல அக்கா. சின்ன வயசுல ஊமை ஊமைன்னு ஊரே கூப்பிட்டது போதும். வெளியாளுங்க கேட்டா, பேசமாட்டாருன்னு மட்டும்தான் சொல்லுவோம்.” கணவரைக் கண்ணால் காட்டினார். “வீட்டுல வந்து பாருங்க. அவரு கைய கட்டிப்போட்டாத்தான் எனக்கு ரெஸ்ட்.”

அந்தோணி அதை உதட்டில் படித்துவிட்டார். விரல்களால் ஏதோ சொன்னார். ரெஜினா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எந்த வீட்டிலும் கணவன் அந்த இடத்தில் சொல்லக்கூடியதைத்தான் அவரும் சொல்லியிருப்பார்.

அவர்களுடைய பிரச்சினை இதுதான். ஒரே மகள், பெயர் ஷெரின். அவளுக்கும் காது கேட்காது. இந்த வருஷம்தான் வடக்கே, சைகை மொழியில் பாடம் நடத்தும் விடுதிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். அந்த இடம் கிடைக்க அவர்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. தினமும் சாயங்காலம் பெற்றோரும் பிள்ளையும் வீடியோவில் பேசுவார்கள். அந்தோணி வேலை செய்யும் சுங்கை வே தொழிற்சாலையில் அவரைப் போன்ற கூட்டாளிகள் சிலர் உண்டு. அவர்களோடும் வீடியோவில்தான் பேச்சு. அடுக்குமாடி வீட்டுக்குக் கம்பி வழி இணையம் வரவில்லை. சிம் போட்ட மோடம்தான். மாதம் பாதி ஓடுவதற்குள் கம்பெனியின் அளவு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு படம் நின்று நின்று நகர்கிறது.

சைகை மொழியை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. கை நகர்ந்தால்தான் அதில் வார்த்தை. நின்றுபோன கையில் அர்த்தம் ஏதுமில்லை. முகமும் பேச்சில் சேர்த்தி. ‘எங்கே, என்ன, ஏன்’ என்று கேட்கும்போது புருவத்தைச் சுருக்குவார்கள். அந்தோணி மகளிடம் என்னவோ கேட்பார், சரியாக அந்த இடத்தில் படம் உறைந்துவிடும். விடுதியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் புருவத்தை நெரித்துக்கொண்டு அசையாமல் முறைக்கும் ஓர் அப்பா. நாளுக்கு நாள் அதே முகம். வீட்டை விட்டுப் போனதற்கு அப்பாவுக்குத் தன் மேல் கோபம் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். விடுதிப் பொறுப்பாளரிடம் அழுது, பையைக் கட்டி வைத்திருக்கிறாள். மறுநாள் சனிக்கிழமை, வந்து கூட்டிப்போங்கள் என்று செய்தி. ஒரு தடவை கிளம்பி வந்துவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

“இன்னைக்கு சாயங்காலம் அவரு முகத்த அவ ஒழுங்கா பாத்தாகணும் அக்கா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றார் ரெஜினா.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் உதவி செய்கிற தோரணையில் குறுக்கே வந்தார். “வாட்ஸ்அப்ல எழுதிப் போட்டுட்டா முடிஞ்சுதே சிஸ்டர்?”

ரெஜினா திரும்பினார். “அண்ணே, நீங்க உங்க பிள்ளய தந்தி அடிச்சுத்தான் கொஞ்சுவீங்களா?”

அவர் விளம்பரத் தட்டியைப் படிக்க ஆரம்பித்தார்.

வேகத்தைத் திரும்பத் தர வேண்டுமானால் புகார் பதிவாக வேண்டும். புகார் பதிவாக வேண்டுமானால் கணக்குக்காரர் தொலைபேசிப் பிரிவில் தன் குரலால் சம்மதம் சொல்ல வேண்டும்; அது ஒலிப்பதிவாகும். இதுதான் அப்போதைய நடைமுறை. நான் கவுண்டர் போனிலிருந்து அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தவன் தினேஷ் என்ற பையன். நல்லவன்தான். ‘சமாதானம்’ சொன்னவனும் அவனேதான் என்பது பேச்சில் தெரிந்துவிட்டது.

“ஐயோ, அப்படியா அக்கா? சாரி, சாரி. ஆனா சிஸ்டம் விடாது அக்கா. வாய்ஸ் இல்லாம அடுத்த பக்கம் போகாது. ஒரே ஒரு ஓகே மட்டும் சொல்லச் சொல்லுங்களேன்.”

“தம்பி, இப்பத்தான சொன்னேன்?”

“சவுண்டு வந்தா போதும் அக்கா.”

நான் பதில் சொல்வதற்குள் அந்தோணி குனிந்தார். ரெஜினா கையால் சொன்னதிலிருந்து, தன் குரலைத்தான் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டிருக்கிறார். போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சத்தம் எழுப்பினார். அவர் காதுக்கே எட்டாத சத்தம். கிளை முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. ரெஜினா தலையைக் குனிந்துகொண்டார்.

போனிலிருந்து தினேஷின் குரல் வந்தது. “அக்கா, கிளியரா இல்ல. இன்னொரு தடவ சொல்லச் சொல்றீங்களா?”

நான் போனை வைத்துவிட்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, தினேஷ் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கையில் கொடுத்த வசனத்தைப் படித்தான். வாயில்லாதவனிடம் வாயால் சம்மதம் கேட்கும் வழிமுறையைக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதி, அதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைத்தவர்கள் மேல்தான் கோபம். பேசினால் அதிகம் பேசுகிறாய் என்று கையைக் கட்டுவது. அதைக் கேட்க வந்தால் பேசவில்லை என்று விரட்டுவது. ஒரே கம்பெனி, ஒரே மனிதனிடம், ஒரே வாரத்தில் இரண்டையும் செய்தது. இரண்டுக்கும் கொள்கை இருந்தது. ‘நியாயமான’ என்ற சொல்லும் அதில் இருந்தது.

நான் மேலாளர் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னேன். அவரும் நம்மவர்தான்.

“டவர் ஒண்ணுதான் இருக்கு. அந்த பிளாட்ல எத்தன வீடு? ஒருத்தரே இழுத்தா மத்தவங்க என்ன பண்ணுவாங்க?” என்றார்.

“அவரு இழுக்கல சார். பேசறாரு.”

“வீடியோன்னா வீடியோதானே. சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்?”

“சிஸ்டத்துக்குத் தெரியாது. உங்களுக்கு இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல?”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வெளியே வந்து தம்பதியைப் பார்த்தார். இரக்கப்பட்டார், அதில் பொய்யில்லை. “சரி, குட்வில்ல பண்ணிடலாம். இந்த மாசம் முடியற வரைக்கும் ஸ்பீட இப்பவே ஏத்தி விடறேன். புகார் தீர்ந்துடுச்சுன்னு அவரு ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

இந்தக் குட்வில் என்ற நல்லெண்ணத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் தொழிலில் இதைவிட இனிப்பான பூட்டு கிடையாது. மனிதன் உரிமையைக் கேட்டு வருகிறான். நாம் சலுகையைக் கையில் வைத்து அனுப்புகிறோம். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். புகார் பதிவாகவே இல்லை, மூடியாயிற்று. அடுத்த மாதம் அதே இடத்தில் படம் உறையும்போது, ‘போன தடவையே உதவி செய்தோமே’ என்று நாம் சலித்துக்கொள்ளலாம்.

“வாங்கிக்கலாம் அக்கா” என்றார் ரெஜினா. “நாளைக்கு என் பிள்ள பையோட வாசல்ல நிக்கக் கூடாது.”

நான் வாடிக்கையாளரைப் பார்த்துக் கேட்டேன். ரெஜினாவை அல்ல, அந்தோணியை. மெதுவாக, உதடு தெரிகிற மாதிரி, இதில் கையெழுத்துப் போட்டால் புகார் இதோடு முடிந்துவிடும் என்று சொன்னேன். அவர் கைகள் அசைந்தன. ரெஜினா மொழிபெயர்க்க விருப்பமில்லாமல் நின்றார். பிறகு சொன்னார்.

“அடுத்த மாசம்னு கேக்கறாரு.”

மேலாளர் பேனாவை அவரிடம் கொடுத்தார்.

“என் கூட்டாளிங்களுக்குன்னு கேக்கறாரு.”

மேலாளர் கையெழுத்துக்கான இடத்தைச் சுட்டிக் காட்டினார். அந்தோணி பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

“இந்த மனுஷனுக்கு எப்பப் பாரு ஊர் வழக்கு” என்று ரெஜினாவுக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கு என் பிள்ளதான் அக்கா பெருசு.”

இரண்டு பேர் சொல்வதும் சரி. நெருக்கடியான நேரத்தில் கம்பெனி இப்படித்தான், அவசரத்தையும் உரிமையையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் கொடுக்கும். ஒன்றை எடுக்க மற்றதை விட வேண்டும் என்று மிரட்டும். அந்த நேரத்தில் நம்முடைய வேலை எந்தப் பக்கம் சாய்வது என்று தீர்மானிப்பதல்ல, முடிச்சை அவிழ்ப்பது. அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளைக்குத் தெளிவான படம் வேண்டும். அதற்கும் புகாருக்கும் என்ன சம்பந்தம்? கிளைக்குள்தான் வேகமான இணையம் ஓடிக்கொண்டிருக்கிறதே.

“சார், இன்னைக்கு மட்டும் அவங்க இங்கேருந்து பேசட்டும். நம்ம லைன்ல.”

“அது ஸ்டாஃப் லைன் மேடம்.”

“நான் ஸ்டாஃப்தானே? என் போன்ல பேசட்டும்.”

“கடை சாத்தற நேரம் ஆயிடும்.”

“சாத்திட்டே பேசட்டும் சார். அவங்க பேசினா சத்தம் வெளிய கேக்காது.”

அவர் என்னை முறைத்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் புகாரை எடுத்தேன். கம்பெனிகளுக்கு அரசு வகுத்த வாடிக்கையாளர் நடைமுறை விதிகளை ஒவ்வொரு வரியாகப் படித்து வைத்திருந்தது அன்று கைகொடுத்தது. எழுத்தில் வரும் புகாரை மறுக்க நமக்கு அதிகாரமில்லை. பதிவு எண் கொடுத்தே ஆக வேண்டும். வேகம் எந்த அளவில் குறையும் என்பதை வாங்குவதற்கு முன்பே புரிகிற மாதிரி சொல்லியிருக்க வேண்டும். நாம் தீர்க்காவிட்டால் வெளியே, அரசு ஆணையத்திடம், முறையிடும் வழி இருக்கிறது என்பதையும் நாமேதான் சொல்ல வேண்டும். நான் எழுதினேன், ரெஜினா அதைச் சைகையில் சொல்லிக் காட்டினார், அந்தோணி கையெழுத்திட்டார். பேசுவதும் அந்தக் கைதான், எழுதியதும் அந்தக் கைதான். இதைவிட என்ன சம்மதம் வேண்டும்? திரையில் தினேஷ் எழுதியிருந்த குறிப்புக்கு மேலே, ‘கணக்குக்காரர் சைகை மொழியில் பேசுகிறார்’ என்று சேர்த்தேன்.

அந்தப் புகார் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி இழுத்தடித்தது. அந்தோணி வெளியே முறையிட்டார். அவர் கூட்டாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அவர்கள் கணக்குகளுக்கு வேகக் குறைப்பு நீங்கியது. குரல் சம்மதம் கட்டாயம் என்ற விதி போயிற்று. விளம்பரத்தில் அளவு பற்றிய வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டார்கள். கொஞ்சம்தான். ‘அன்லிமிட்டட்’ என்ற சொல் அப்படியே நிற்கிறது. சிவப்புச் சொல்லும் நிற்கிறது, வேறு ஆட்களின் பெயருக்குப் பக்கத்தில். அவர்களில் யார் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியாது. நீங்கள் கேட்டால்தான் தெரியவரும்.

அன்றைய சாயங்காலத்தை மட்டும் முழுதாகச் சொல்ல வேண்டும்.

இரும்புக் கதவைப் பாதி இறக்கியாயிற்று. என் போனைக் கவுண்டரின் மேல் விளம்பர அட்டைகளுக்குச் சாய்த்து நிறுத்தினேன். ஷெரின் திரையில் வந்தாள். அழுது வீங்கிய முகம். அப்பாவை நேராகப் பார்க்காமல் ஓரமாகப் பார்த்தாள். அந்தோணியின் கைகள் எழுந்தன. புருவம் சுருங்கியது. படம் நிற்கவில்லை, புருவம் விரிந்தது, கை இறங்கியது, முகம் அவள் பதிலுக்காகக் காத்திருந்தது. மறுபடி செய்து காட்டினார். இது கேள்வி. பிறகு கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, பல்லைக் கடித்துக் காட்டினார். இதுதான் கோபம்.

“‘என்ன சாப்ட்ட’ன்னு கேட்டேன், வேற ஒண்ணும் இல்லடிங்கறாரு” என்று ரெஜினா எனக்காகச் சொன்னார்.

ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் கைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

“என்ன சாப்ட்டேன்னு கேக்கத்தான் இத்தன நாளா மொறைச்சீங்களாங்கறா.” ரெஜினா சிரித்தபடியே மூக்கைத் துடைத்தார். “நாளைக்கு வரல, பேட்மிண்டன் செலக்‌ஷன் இருக்காம். பைய எடுத்து கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா, பாருங்க. இப்ப, இத்தன நாளா என்னென்ன சாப்ட்டான்னு ஒண்ணொண்ணா சொல்ல ஆரம்பிச்சிருக்கா. ஒரு நாள் மீன் நல்லா இல்லயாம்.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அந்தோணி ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். கிளைக்குள் ஒரு சத்தமில்லை. என் வேலைக் காலத்தில் அவ்வளவு பேச்சு நடந்த நேரத்தை நான் பார்த்ததில்லை.

மேலாளர் கையில் சாவிக் கொத்தோடு வந்து நின்றார். சற்று நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி ரெஜினாவிடம் கேட்டார்.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?”

ரெஜினா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேசி முடிக்கிற வரைக்கும் சார்.”

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.